கடைமடைப் பாலைவனம்

ஆலடிக்கோட்டகம் பாலைவனமானதற்கு அம்சத்தின் வாய்தான் காரணம் என்று ஊரில் இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

தை மாதம் நடந்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அவள் முறை வந்தபோது மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"வாய்க்கா தூர்வாரி வருசக்கணக்காவுதுங்கய்யா. மதகு துருப்புடிச்சி நகர மாட்டேங்குது. ஆத்துல தண்ணி போவுது, எங்களுக்கு வரலை. சம்பா பூராவும் காஞ்சிபோச்சு. ஊரே பாலைவனமாக் கெடக்குதுங்க."

மேடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் குறித்துக்கொண்டார். அவர் பாசனத்துறைக்காரர் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

பாலைவனச் சாகச மேம்பாட்டுக் கழகம் என்று ஒன்று இருந்தது. தோதான பாலைவனம் அமையாததால் அதற்குப் பல வருடங்களாக வேலை இல்லை. வேலை இல்லாததால் அங்கே யாரும் தவறு செய்ததும் இல்லை. ஒவ்வொரு மார்ச் மாதமும் வந்த நிதியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு நல்ல பெயரோடு இருந்தார்கள். அந்த வருடம் மேலிடம், இனிமேல் திருப்பி அனுப்பினால் கழகத்தையே கலைத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தது. அந்த நேரத்தில்தான் அம்சம் மைக்கைப் பிடித்தாள்.

பங்குனியில் ஒருநாள் காலை அவள் வயலின் சனிமூலையில் ஒரு பலகை நின்றது. 'ஆலடிக்கோட்டகம் பாலைவனப் பூங்கா. சாலைசாரா ஊர்தி இயக்கம், கூடாரமுறைத் தங்கல் ஆகியவற்றுக்கு மட்டும். அனுமதியின்றி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.' கீழே ஓர் ஒட்டகம் வரையப்பட்டிருந்தது. ஊர் வயல்களைச் சுற்றிக் கம்பிவேலி. பழைய களத்தில் ஒரு இரும்புப் பெட்டி அலுவலகம், அதன் தலையில் ஏ.சி.

அதிராம்பட்டினத்திலிருந்து டிராக்டரோடு உழவுக்கு வந்து போகும் முபாரக், பலகையை வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா, ஒட்டகம் சிரிக்கிற மாதிரியே வரைஞ்சிருக்கான் பாருங்க."

"அது சிரிக்கும் பாய். அதுக்கு என்ன, வாய்க்காலா, மதகா?" என்று சொல்லிவிட்டு அம்சம் இரும்புப் பெட்டிக்குள் போனாள்.

உள்ளே இருந்தவர் பெயர் தியாகராசன். சிறப்பு அலுவலர் (பாலை). எழுந்து நின்று நாற்காலி போட்டார். நல்ல மனிதர்.

"வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்கம்மா."

அம்சம் குடித்தாள். "சார், அது என் வயலுங்க."

"உங்களோடதுதாம்மா, யாரு இல்லைன்னா? பட்டாவுல ஒரு எழுத்தைக்கூட நாங்க தொடலை. நிலம் உங்களோடது. அதுமேல இருக்கிற பாலைவனம் மட்டும்தான் கழகத்தோடது."

"நான் தண்ணியில்ல கேட்டேன்?"

"தண்ணி கேட்டீங்க. பாலைவனம்னு சொன்னீங்க. தண்ணிக்கு வேற துறை, பாலைவனத்துக்கு நாங்க. ஒரு கோரிக்கையில ரெண்டு துறை வந்தா, யாரு முந்திக்கிறாங்களோ அவங்களோடது. அவங்க அசையலை. நாங்க முந்திக்கிட்டோம்." அவர் குரல் இளகியது. "என் சர்வீஸ்ல ஒரு ஏழை விவசாயியோட கோரிக்கை இவ்வளவு சீக்கிரமா நிறைவேறி நான் பாத்ததில்லைம்மா."

அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. அம்சம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான், எதற்கு நன்றி சொன்னோம் என்று நினைத்துத் தன்மேலேயே கோபப்பட்டாள்.

மறுநாள் வயலுக்குப் போனபோது கேட்டில் பிரகதீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தெருப் பெண். கும்பகோணத்தில் தங்கிப் படித்து, வேலை கிடைக்காமல் மூன்று வருடம் வீட்டில் இருந்தவள். இப்போது காக்கிச்சட்டை, தோளில் ஒட்டக முத்திரை.

"அம்சக்கா, நடந்து போவக் கூடாதுக்கா. இது சாலைசாரா ஊர்திப் பூங்கா. ஊர்தி இருக்கணும்."

"வயலு தோ இருக்கு கண்ணு. காலை எடுத்து வச்சா வரப்பு."

"தெரியும்க்கா. நானே இங்கதான ஆடு மேச்சேன். ஆனா ஊர்தி இருக்கணும்."

"அது என்னடி சாலைசாரா?"

"ரோடு இல்லாத எடத்துல வண்டி ஓட்டுறதுக்கா."

"நம்மூருக்கு எந்தக் காலத்துல ரோடு இருந்துச்சு? பொறந்ததுலேருந்து அப்படித்தான ஓட்டுறோம்?"

"அதுக்குத்தான் நம்மூருக்குக் கூடுதல் மார்க்கு போட்டாங்களாம்." பிரகதீஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "கோச்சுக்காதக்கா. எனக்கு இது மொத வேலை."

அம்சம் கோபித்துக்கொள்ளவில்லை. முபாரக்குக்குப் போன் செய்தாள். கோடை உழவு ஒன்று போட்டுவிட்டால் மண்ணாவது ஆறும். எப்படியும் மழை என்று ஒன்று பெய்யாமலா போகும்?

பூங்காவின் முதல் ஊர்தி என்பதால் டிராக்டரைச் சோதிக்கத் தியாகராசனே நேரில் வந்தார். முபாரக்குக்கும் அம்சத்துக்கும் ஹெல்மெட் கொடுத்தார். பம்பரில் மஞ்சள் கொடி கட்டினார். பிறகு டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார்.

"சார், இது களிமண்ணு. காத்தை எறக்குனா டயரு பிஞ்சிரும்," என்றான் முபாரக்.

"கையேட்டுல மணல்னுதான் போட்டிருக்கு, களிமண்ணுன்னு இல்லை. கையேட்டுல இல்லாத மண்ணுல நான் உங்களை எப்படி ஓட்ட விட முடியும்?"

காற்று இறங்கியது. வயலுக்கு நேராகப் போகவும் முடியாது. சாகசப் பாதை சிவப்புக் கொடிகளால் குறிக்கப்பட்டிருந்தது. அது கோட்டகத்தை முழுசாகச் சுற்றி, வற்றிய குளத்தில் இறங்கி, சுடுகாட்டு மேட்டில் ஏறி, கடைசியில்தான் அம்சத்தின் வயலைத் தொட்டது. அவள் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் முருகனைக் கூப்பிட்டபடி போய்ச் சேர்ந்தாள்.

அங்கே ஜீப்பில் காத்திருந்த தியாகராசன் டிராக்டரின் பின்பக்கம் வந்தார். "இது என்ன, கொக்கி கொக்கியா?"

அது கலப்பை. முபாரக் ஒரு கணம் யோசித்தான்.

"பிரேக்குங்க சார்."

"ஓ!"

"கீழ எறக்கிட்டா வண்டி வேகமாப் போவாது. பாதுகாப்பு."

"நல்ல பழக்கம்," என்றார் தியாகராசன். "எறக்கியே ஓட்டுங்க."

அன்று மாலைக்குள் வயல் முழுவதும் இரண்டு சால் பிரேக் போடப்பட்டது.

சித்திரையில் தலைமையகத்திலிருந்து ஒரு குழு வந்து பார்த்து, பாலைவனத்தில் மணல் இல்லை என்று கண்டுபிடித்தது. ஆற்றுமணல் அள்ள அனுமதி கிடைக்காது என்பதால் எம்-சாண்ட் கொண்டுவந்து கொட்டினார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் அது ஒரு சாம்பல் நிறக் குன்றாக நின்றது. ஊர் நாய்களெல்லாம் அதன்மேல் குழி பறித்துப் படுத்துக்கொண்டன. பிறகு, கடற்கரையில் குழந்தைகளைச் சுமந்து ஓய்வு பெற்ற ஓர் ஒட்டகம் வந்தது. அது நேராகச் சீமைக்கருவேலங் காட்டுக்குள் போய் மேய ஆரம்பித்தது. திட்டத்தால் மனம் நிறைந்த முதல் பயனாளி அதுதான்.

திருச்சியிலிருந்து நாலு பையன்கள் ஒரு ஜீப்பில் வந்தார்கள். உச்சிவெயிலில் பாதையை ஒருமுறை சுற்றினார்கள். இறங்கி, பக்கத்தில் எங்கே ஜிகர்தண்டா கிடைக்கும் என்று கேட்டார்கள். பட்டுக்கோட்டைக்குப் போகவேண்டும் என்றாள் பிரகதீஸ்வரி. போனார்கள். அதன்பிறகு யாரும் வரவில்லை.

ஆடி பிறந்தது. மேட்டூரில் திறந்து, கல்லணையில் திறந்து, தண்ணீர் ஆற்றில் வந்துவிட்டது. அம்சம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். செம்மண் நிறத்தில், சுழித்துக்கொண்டு, கரை தொட்டுப் போனது. ஊர் வாய்க்கால் பிரியும் இடத்தில் கோரையும் வெங்காயத்தாமரையும் அடைத்துக்கொண்டு கிடந்தன. அங்கே நின்ற பாசனத்துறை ஆளிடம் கேட்டாள்.

"வாய்க்கா கடைசி பாலைவனத்துக்குள்ள மாட்டிக்கிச்சும்மா. அவங்க தடையில்லைன்னு சொன்னா தூர்வாருவோம்."

தியாகராசனிடம் வந்தாள். அவர் நிஜமாகவே வருந்தினார்.

"பாலைவனத்துக்குத் தண்ணி விடலாம்னு விதி இல்லைம்மா. விடக் கூடாதுன்னும் இல்லை. அப்படி ஒருத்தங்க வந்து கேப்பாங்கன்னு யாரும் நினைச்சுப் பாக்கலை."

"போன சம்பாவும் போச்சு சார். இதுவும் போனா நான் நெலத்த வித்துட்டுத்தான் போவணும்."

"அதுக்குத் தடை இல்லைம்மா, தாராளமா விக்கலாம். பாலைவனத்தோட சேத்துத்தான் விக்கணும்."

அன்று சாயங்காலம் வளைகுடாவிலிருந்து அவள் புருஷன் புகழேந்தி போனில் கூப்பிட்டான். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"இங்க பாலைவனத்துல குழா போட்டு, சொட்டுச்சொட்டா தண்ணி விட்டு, புல்லு வளக்குறானுவோ அம்சம். அந்தப் புல்லுக்குத் தண்ணி காட்டுறதுதான் என் வேலையே. அங்க என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?"

போனை வைத்த பிறகு மாமியாரின் ஞாபகம் வந்தது. மாமனாரும் மாமியாரும் ஒரு காலத்தில் பண்ணையில் கூலிக்கு நின்றவர்கள். அந்த வயலைச் சொந்தமாக வாங்கிய அன்று மாமியார் அதில் உட்கார்ந்து மண்ணை மடியில் அள்ளிக்கொண்டு எழ மாட்டேன் என்றாளாம். அம்சம் விதைநெல் மூட்டையை அவிழ்த்து முறத்தில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தாள். திரும்பவும் அள்ளிக் கட்டிவைத்தாள். அதன்பிறகுதான் அழுதாள்.

அந்த வாரமே தரச்சான்று கொடுக்க இயக்குநர் வருகிறார் என்று செய்தி வந்தது. திட்டத்துக்கு மூலகாரணமான மனுதாரர் என்று அம்சத்தையும் வரச்சொல்லி, ஹெல்மெட்டோடு நிற்கவைத்தார்கள்.

இயக்குநர் ஓர் அம்மையார். கறுப்புக் கண்ணாடி, பருத்திப் புடவை, விளையாட்டு ஷூ. ஒட்டகத்தைப் பார்த்தார். குன்றைப் பார்த்தார். அம்சத்தின் வயலுக்கு அடுத்த வயலில் வெடிப்புகளுக்குள் முழங்கைவரை கையை விட்டு ஆழம் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது. பிறகு பேசினார்.

"பாலைவனம் என்பது ஒரு நிலமல்ல, அது ஒரு மனநிலை. வெகுதூரம் பயணம் செய்து, வெகுவாகச் செலவழித்துத்தான் மக்கள் இதுவரை அந்த மனநிலையை அடைந்தார்கள். இன்றைக்குக் கடைமடை விவசாயி தன் வீட்டு வாசலில் நின்றபடியே அதை அடைகிறார் என்றால், அந்தப் பெருமை முழுவதும் நமது கழகத்தையே சாரும்."

தியாகராசன் பலமாகக் கைதட்டினார். ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் சரியாகக் கேட்காததால் அம்சமும் தட்டினாள்.

"எல்லாம் சரி," என்றார் இயக்குநர். "சோலை எங்கே?"

தியாகராசனின் கை நின்றது. "மேடம்?"

"முதல்தரப் பாலைவனம்னா நடுவுல ஒரு சோலை இருக்கணும் இல்லையா? தண்ணி, பசுமை. அது இல்லைன்னா நான் மூணாந்தரம்தான் போட முடியும். மூணாந்தரத்துக்கு அடுத்த வருஷம் நிதி கிடையாது."

தியாகராசன் சுற்றுமுற்றும் பார்த்தார். எட்டிய தூரம் வரை ஒரு பச்சை இல்லை. பிரகதீஸ்வரியின் முகம் வெளிறிவிட்டது. மூணாந்தரம் என்றால் முதலில் போகும் வேலை அவளுடையதுதான். அம்சம் அவள் முகத்தைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"நீங்க நிக்கிற எடந்தாங்கம்மா சோலை," என்றாள். "தண்ணிதான் இன்னும் வரலை."

இயக்குநர் தன் காலடியைப் பார்த்தார். தியாகராசனைப் பார்த்தார்.

"ஆமா மேடம்," என்றார் தியாகராசன். "வேலை நடந்துக்கிட்டிருக்கு."

அடுத்த நாளே பொக்லைன் வந்தது. இத்தனை வருடம் நடக்காத தூர்வாரல் ஒரு வாரத்தில் முடிந்தது. கோரையைப் பிடுங்கி எறிந்தார்கள். துருப்பிடித்த மதகை அறுத்துப் புதுப் பலகை போட்டார்கள். பாசனத்துறை ஆளே வந்து, வேடிக்கை பார்த்து, நல்ல வேலை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

தண்ணீர் ஒரு மத்தியானம் வந்தது. முதலில் நுரையும் சருகும் ஓர் ஒற்றைச் செருப்பும் வந்தன. பின்னால் தண்ணீர். வெடிப்புகளுக்குள் இறங்கும்போது களக்களக்கென்று சத்தம் கேட்டது. எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கிவிட்டன. அம்சம் கணுக்கால் நனையும்வரை நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் தியாகராசன் ஷூவோடு நின்றார். நனைகிறது என்று அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் நின்றாரா என்பது தெரியாது.

"சோலை எதுவரைக்கும் வரணும்மா?" என்று கேட்டார்.

"தண்ணி போற வரைக்கும் சார்."

அவர் அப்படியே எழுதி அனுமதி வாங்கிவிட்டார். சோலையில் வைக்கப் பேரீச்சங்கன்றுகள் கேட்டிருந்தார். அவை ராஜஸ்தானிலிருந்து கிளம்பி எங்கோ நின்றுவிட்டன. பசுமை இருக்கவேண்டும் என்று கையேட்டில் இருந்தது. எந்தப் பசுமை என்று இல்லை. ஆகவே நாற்றங்கால் விட்டார்கள். நடவுக்கு வந்த பெண்கள் எல்லாரும் கழகத்தின் ஒட்டக முத்திரையை மாராப்பில் குத்திக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். புரட்டாசியில் கோட்டகம் முழுவதும் சோலையாகிவிட்டது. கேட்டருகே குன்று மட்டும் பாலைவனமாக நின்றது. தீபாவளிக்கு முன்னால் முதல்தரச் சான்றும் வந்து சேர்ந்தது.

பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் பன்றி இறங்க ஆரம்பித்தது. காவலுக்கு அம்சம் வயலிலேயே தங்கவேண்டும். ஆனால் பூங்காவில் ஆறு மணிக்குமேல் இருப்பவர் கூடாரத்தில்தான் இருக்கவேண்டும். பிரகதீஸ்வரி ஓர் ஆரஞ்சு நிறக் கூடாரத்தைக் கொண்டுவந்து வரப்பில் போட்டுக் கொடுத்தாள்.

"உள்ள இட்லிச்சட்டி மாதிரி கொதிக்குதுடி," என்றாள் அம்சம்.

"தலைய மட்டும் உள்ள வச்சுக்கக்கா. கணக்குக்குப் போதும்."

அந்த வருடம் பூங்காவில் கூடாரமடித்துத் தங்கிய ஒரே ஆள் அம்சம்தான்.

தை பிறந்து கதிர் சாய்ந்தது. அறுவடை மெஷின் கேட்டுக்கு வந்தபோது தியாகராசன் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். டயரே இல்லாமல் செயின் பட்டையில் ஓடும் வண்டி. இப்படி ஒரு சாலைசாரா ஊர்தியை அவர் பார்த்ததே இல்லை. தானே மஞ்சள் கொடி கட்டி உள்ளே விட்டார். மத்தியானத்துக்குள் அறுத்து முடிந்தது. நெல்லைச் சாக்கில் பிடித்து முபாரக்கின் டிப்பரில் ஏற்றினார்கள். வண்டி கேட்டுக்கு வந்தபோது கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது.

தியாகராசன் கேட்டின் குறுக்கே நின்றார். முகம் வாடியிருந்தது.

"அம்மா, இதை நான் சொல்லவேண்டியிருக்கேன்னு வருத்தமா இருக்கு. பூங்காவுல இருந்து கல்லு, மண்ணு, செடி, விதை எதையும் வெளிய கொண்டுபோகக் கூடாது. சாகசப் பூங்காக்களுக்கெல்லாம் பொதுவான விதி."

"சார், மழை வருது."

"வருதும்மா. தெரியுது."

"நனைஞ்சா நெல்லு மொளைச்சிரும். டி.பி.சி. கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க சார்."

முபாரக் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவந்தான். "சார், கதவத் தொறங்க. நீங்க பாக்காத மாதிரி திரும்பிக்கங்க."

"நான் அப்படிச் செஞ்சதே இல்லையே பாய்," என்றார் தியாகராசன். அது பெருமையாகச் சொன்னதல்ல. எப்படிச் செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது கேட்டில் உட்கார்ந்திருந்த பிரகதீஸ்வரி எழுந்தாள். "சார், ஒண்ணு மட்டும் கொண்டுபோலாம். கூடாரத்துல தங்குனவங்க அவங்க குப்பையை அவங்களே எடுத்துட்டுப் போயிடணும். விட்டுட்டுப் போனாத்தான் தப்பு."

எல்லாரும் மூட்டைகளைப் பார்த்தார்கள். தியாகராசனின் முகம் மெல்லத் தெளிந்தது.

"ஆமால்ல? அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. இதெல்லாம் என் குப்பைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

அம்சம் அவரையே பார்த்தாள்.

"சொல்லுக்கா," என்றாள் பிரகதீஸ்வரி. "தூத்தல் போடுது."

"சொல்ல மாட்டேன்."

"அக்கா, சும்மா வாய்வார்த்தைக்குத்தான..."

"வாய்வார்த்தையில வந்ததுதாண்டி இவ்வளவும். நெல்லக் குப்பைன்னு என் வாயால சொல்ல மாட்டேன். நனையட்டும். மொளைக்கட்டும். நான் இங்கயே ஒக்காந்திருக்கேன்."

சொன்னபடியே அவள் கேட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஒட்டகம் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தது. இரண்டு மூன்று பெரிய துளிகள் மூட்டையின்மேல் விழுந்து திட்டாகப் பரவின.

தியாகராசன் தொப்பியைக் கழற்றினார். கொஞ்சநேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எழுந்திரிங்கம்மா. நீங்க சொல்லவேணாம்," என்றார். "பிரகதி, நீயும் எழுதவேணாம். இங்க கொடு."

பேனாவையும் கேட் பதிவேட்டையும் வாங்கி, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார். அது சின்ன வார்த்தைதான். ஆனால் அவருக்கு வெகுநேரம் ஆனது. பிறகு கேட்டைத் தானே திறந்தார்.

முபாரக் அம்சத்தின் ஆரஞ்சுக் கூடாரத்தைப் பிரித்து, தார்ப்பாய் மாதிரி மூட்டைகள்மேல் போட்டுக் கட்டினான். டிப்பர் கிளம்பிப் போய், கொள்முதல் நிலையத்தின் கூரைக்குள் நுழைந்த பிறகுதான் மழை பிடித்தது. ஊரில் பிரகதீஸ்வரி சொன்னாள்: அறுவடை மெஷின் ஓடிய தடத்தில் கொஞ்சம் கதிர் சிந்திக் கிடந்ததாம். சார் மழையில் குனிந்து ஒன்றுவிடாமல் பொறுக்கினாராம். பூங்காவில் குப்பை கிடக்கக் கூடாது என்று சொன்னாராம்.

பங்குனியில் கழகம் ஆண்டறிக்கை வெளியிட்டது. ஒரு கூடாரவாசி வெளியேற்றிய குப்பையின் அளவில் ஆலடிக்கோட்டகத்தை நெருங்க யாராலும் முடியவில்லை. அதன் பொருட்டு மிகத் தூய்மையான பூங்காவுக்கான கேடயம் அதற்கே வந்தது. கேடயத்தோடு இயக்குநரும் வந்தார்.

இரும்புப் பெட்டி அலுவலகத்தின் வாசலில் அவர் நின்றுவிட்டார். நிலைக்குமேலே ஒரு கொத்து நெற்கதிர், நூலால் பின்னித் தோரணமாகத் தொங்கியது. சிட்டுக்குருவி ஒன்று அதில் தலைகீழாகத் தொற்றிக் கொத்திக்கொண்டிருந்தது. இயக்குநர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்ன?"

தியாகராசன் தொண்டையைச் செருமினார். "சேகரிக்கப்பட்ட... அது வந்து மேடம்..."

இயக்குநர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விரல் நுனியால் ஒரு மணியைத் தொட்டுப் பார்த்தார். "எங்க தாத்தா வீட்டு வாசல்ல இப்படித்தான் தொங்கும்," என்றார், யாரிடம் என்றில்லாமல். அப்புறம் மெதுவாக, "இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்று கேட்டார்.

அம்சம் வீட்டுக்குப் போய், விதைக்கு வைத்திருந்ததில் ஒரு பிடி கதிர் எடுத்துவந்து கொடுத்தாள். அவர் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

கார் கேட்டுக்கு வந்தது. பிரகதீஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினாள். யாராக இருந்தாலும் கேட்கவேண்டும்.

"மேடம், பூங்காவுல இருந்து ஏதாவது எடுத்துட்டுப் போறீங்களா?"

கண்ணாடி இறங்கியது. இயக்குநர் மடியில் கதிர் இருந்தது. அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"குப்பைதாம்மா," என்றார்.